மரத்துக்கு எண்ணெய், சுவருக்குச் சுண்ணாம்பு

கோகுலாஷ்டமிக்கு நடும் வழுக்குமரத்தையும் பொறியியல் மாணவர்கள் மோதும் சுவரேறி ரோபோ போட்டியையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம் என்றால் கூட்டேரிப்பட்டுக்காரர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து அங்கே பிரிந்தால் மயிலம் வந்துவிடும். குன்றின்மேல் முருகன் கோயிலும் உண்டு, பொறியியல் கல்லூரியும் உண்டு. திருவிழாவுக்குப் போகிறவர்களும் சிம்போசியத்துக்குப் போகிறவர்களும் ஒரே நிறுத்தத்தில் இறங்குகிற வட்டாரம் இது.

பார்வைக்கு இரண்டும் உயரத்தோடு நடக்கும் போராட்டம். உள்ளே புகுந்து பார்த்தால் இரண்டிலும் உயரம் இரண்டாம்பட்சம். முதல் சிக்கல் பிடிமானம். பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் உராய்வுக் கணக்குதான் இரண்டுக்கும் அடிப்படை. பரப்பை எவ்வளவு அழுத்துகிறோமோ அதை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் வருவது, ஏறுபவரின் எடைக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

மரத்தில் ஏறுபவர் 60 கிலோ என்று கொள்வோம். காய்ந்த மரத்தில் உராய்வுக் குணகம் 0.6 இருந்தால் கை, தொடை, பாதம் எல்லாம் சேர்ந்து 100 கிலோ எடைக்கு ஈடாக மரத்தை இறுக்கினால் போதும். விளக்கெண்ணெய், சோற்றுக்கற்றாழைச் சாறு, கிரீஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பூசி, குணகம் 0.1-க்கு இறங்கிவிட்டால் அதே ஆள் 600 கிலோவுக்கு இறுக்க வேண்டும். எந்த உடம்பாலும் அது ஆகாது. எண்ணெய் பூசுகிறவர்கள் குணகத்தைக் கேள்விப்படாமலேயே, தனி ஆளால் முடியாத இடத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் தோள்மேல் தோளாக ஆள் அடுக்கும் முறை வந்தது.

சுவரில் ஏறும் ரோபோ 1 கிலோ என்று கொள்வோம். ரப்பர் சக்கரத்துக்கும் பெயின்ட் அடித்த பலகைக்கும் இடையே குணகம் 0.5 இருந்தால், சுவரின் பக்கமாக 2 கிலோ அழுத்தம் தேவை. அடியில் 15 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு காற்றறை வைத்து, விசிறியால் உள்ளே இருக்கும் காற்றை இழுக்கிறார்கள். பரப்பு 225 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்று வளிமண்டலம் அழுத்துவதால், முழு வெற்றிடம் கிடைத்தால் 225 கிலோ பிடி கிடைக்கும். நமக்கு வேண்டியதோ 2 கிலோ. அதாவது உள்ளே இருக்கும் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே போதும்! வழுக்குமரத்தில் கணக்கு நம்மை மிரட்டுகிறது. சுவரில் அது கொஞ்சம் அதிகமாகவே ஆசை காட்டுகிறது.

பிறகு ஏன் ரோபோக்கள் பொத்தென்று விழுகின்றன? சுவருக்குப் பின்பக்கம் இல்லாததுதான் காரணம். மரத்தைக் கட்டிப்பிடிக்கலாம், இரு கைகளும் எதிரெதிரே அழுத்தும்போது மரமே நடுவில் நின்று விசையைத் திருப்பித் தருகிறது. விழுப்புரம் பக்கத்துப் பனையேறிகள் காலில் தளைநார் மாட்டி ஏறுவதும் இந்த அணைப்பை வலுப்படுத்தத்தான். சுவர் அப்படி அணைக்க இடம் தருவதில்லை. ரோபோவை அதன்மீது அழுத்த வெளியே யாராவது வேண்டும். அந்த யாரோதான் காற்று. 1966-இலேயே ஜப்பானில் அகிரா நிஷி விசிறியின் உறிஞ்சலை நம்பிச் சுவரேறும் பொறியைச் செய்து பார்த்தார். இன்றைய இறுதியாண்டு புராஜெக்டுகளில் பல அந்த வழியிலேயே போகின்றன. அவருக்குக் கிடைக்காத லித்தியம் பாலிமர் பேட்டரியும் கைக்கடக்கமான மோட்டாரும் இவர்களுக்குக் கிடைத்திருக்கின்றன.

காற்றை நம்பினால் அதற்கே உரிய ஆபத்தும் கூட வரும். காற்றறையைச் சுற்றி ஸ்பாஞ்சோ துணியோ ஒட்டிய விளிம்பு இருக்கும். இரண்டு பலகைகள் சேரும் இடுக்கை அது கடக்கும்போது காற்று உள்ளே புகுந்தால் பிடி மொத்தமாகப் போய்விடும். இன்னொன்று கவிழ்வு. பேட்டரியைச் சுவரிலிருந்து தள்ளி, மேல்தட்டில் வைத்துவிட்டால், எடை ரோபோவின் தலைப்பக்கத்தைச் சுவரிலிருந்து உரிக்கப் பார்க்கும். முதலில் மேல் சக்கரங்கள் லேசாகத் தூக்கும், அடுத்த நொடி பொறி கீழே கிடக்கும். மரத்தில் வீழ்ச்சி இப்படி வருவதில்லை. அங்கே ஒருவர் சறுக்குவதை ஊரே பார்க்கிறது. அவரும் சிரித்துக்கொண்டே சறுக்குகிறார், பாதியில் நின்று மறுபடி முயல்கிறார். சுவரில் ஒட்டியிருப்பது அல்லது விழுவது, இரண்டே நிலைதான்.

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் கவர்ந்தது பொடி. சில ஊர்களில் மடியில் சாம்பலோ மணலோ கட்டிக்கொண்டு ஏற விடுவார்கள். ஒரு பிடி அள்ளி மரத்தில் அப்பினால் எண்ணெய் அதில் ஊறி, பிடி கிடைத்துவிடும். சுவரில் இது தலைகீழாகிறது. நம் பள்ளி, கல்லூரிச் சுவர்களில் அடித்திருக்கும் சுண்ணாம்பு உதிர்ந்து சக்கரத்தில் ஒட்டினால் ரப்பர் ரப்பராக இருப்பதில்லை. ஓடிக்கொண்டே இருக்கும், ஏறாது. ஆய்வகத்துக் கண்ணாடியில் ஜம்மென்று ஏறிய பொறி போட்டி நாளன்று வெள்ளையடித்த சுவரில் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றுவது இதனால்தான். மரத்துக்கு எண்ணெய் என்னவோ அதுதான் சுவருக்குச் சுண்ணாம்பு. மரத்தைக் காப்பாற்றும் பொடி, சுவரைக் கெடுக்கிறது.

தோற்றவர்கள் என்ன விட்டுச்செல்கிறார்கள் என்று பார்த்தால் இன்னொரு உறவு தெரியும். வழுக்குமரத்தில் முதலில் ஏறும் குழுவுக்கு வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு. அவர்களுடைய வேட்டியும் முழங்காலும் மரத்தைத் துடைத்துவிட்டு வருகின்றன. கடைசியில் பண முடிப்பை அவிழ்ப்பவர், முன்னால் சறுக்கியவர்கள் எல்லோரும் துடைத்துத் தந்த மரத்தில்தான் ஏறுகிறார். ரோபோ போட்டியில் சுவர் இப்படி இளகிக்கொடுப்பதில்லை; பத்தாவது அணிக்கும் அதே கடினம். ஆனால் அங்கேயும் துடைத்தல் உண்டு. அது சீனியர்கள் விட்டுப்போன உடைந்த சட்டகத்திலும், எந்த விசிறி சூடாகிக் கருகியது என்ற குறிப்பிலும் நடக்கிறது. மரம் ஒரே மாலையில் தருவதைச் சுவர் இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டு தருகிறது. பரிசளிப்பில் மட்டும் ரோபோ போட்டியே நியாயமானது என்பேன்: சான்றிதழில் அணியின் எல்லாப் பெயர்களும் இருக்கும். மரத்தடியில் பாரம் தாங்கியவரின் பெயர் ஊர் நினைவில் இருந்தால் உண்டு.

இந்த இரண்டு உலகங்களும் நிஜமாகவே சந்தித்திருக்கின்றன. ஆசிய–பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்தும் ரோபோகான் போட்டி 2008-இல் புனேயில் நடந்தபோது, கருப்பொருளே கண்ணனின் வெண்ணெய்தான். மேலே தொங்கிய பானைகளிலிருந்து பொறிகள் வெண்ணெய் எடுக்க வேண்டும். நம் உறியடி, மராட்டியரின் தஹி ஹண்டி, கல்லூரிப் பட்டறைக்குள் புகுந்த தருணம் அது. 2016-இல் பாங்காக்கில் நடந்த போட்டி இன்னும் நெருங்கி வந்தது. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ரோபோக்கள். ஒன்றுக்குத் தன்னைத் தானே உந்தும் விசை கிடையாது. காற்று, காந்தம் போன்றவற்றால் மற்றது அதை நகர்த்த வேண்டும். இறுதியில் அந்த மற்றது காற்றாலைக் கம்பத்தில் ஏறி விசிறி இறக்கையை மாட்ட வேண்டும். கீழே ஒருவர் இல்லாமல் மேலே ஒருவர் போக முடியாது என்பதை வழுக்குமரத்துக்காரர்களிடம் கேட்டு எழுதியது போன்ற விதி.

இந்தச் சந்திப்பை ஒரு படி முன்னே கொண்டுபோய், விளக்கெண்ணெய் பூசிய மரத்தையே ரோபோக்களுக்குக் கொடுத்தால்? 2 கிலோ பொறிக்கு, குணகம் 0.1 என்றாலும், 20 கிலோ இறுக்கம் போதும். நல்ல சுருள்வில்லொன்று அதைத் தரும், தொடையைப்போலச் சோர்ந்தும் போகாது. மனிதர் தனியாக ஏற முடியாத மரத்தில் பொறி தனியாகவே ஏறிவிடும், தோள் கொடுக்க யாரும் வேண்டாம். ஆனால் திருவிழா விதிப்படி, ஏறுபவர்மேல் தண்ணீர் பீய்ச்சி அடிப்பவர்களையும் களத்தில் விட வேண்டும். மூடியில்லாத ஆர்டுயினோ போர்டோடு ஏறும் அணிகளைப் பார்த்திருப்பதால், என் பந்தயம் தண்ணீர்க்காரர்கள் மேல்தான்.