யவனச் சரக்கு

பொருநைக் கரையிலே... (14)

திருநெல்வேலி டவுண் வாகையடி முக்கில் ஒரு டீக்கடை. போன வாரம் அங்கே காதில் விழுந்த பேச்சு இது.

“அண்ணாச்சி, அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“தேறிட்டாவ தம்பி. நேத்துதான் ஆஸ்பத்திரியிலயிருந்து வீட்டுக்குக் கூட்டியாந்தோம்.”

நோயாளி தேறுவார், பையன் பரீட்சையில் தேறுவான், வியாபாரத்தில் நாலு காசு தேறும். தேறாத ஆளைப் பற்றி நம்மூர்க்காரர்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது. கலங்கிக் கிடந்தது அடங்கித் தெளிவதுதான் தேறுதல். இந்தச் சொல்லுக்கு வயதில் மூத்த உறவு ஒன்று உண்டு: தேறல். வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்கும் மதுவுக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர் அது. கடல் கடந்து பாண்டிய நாட்டுக்கு வந்த இத்தாலிய மதுவின் கதையை இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

பாண்டியன் கையில் பொற்கிண்ணம்

புறநானூற்றின் 56-வது பாட்டை நக்கீரர் பாடியிருக்கிறார். பாட்டுடைத் தலைவன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியன். சிவன், பலராமன், திருமால், முருகன் என்று நான்கு தெய்வங்களை வரிசையாக நிறுத்தி, சினத்தில் நீ இவன், வலிமையில் நீ அவன் என்று மன்னனை ஒப்பிட்டுக்கொண்டே போகிறார் புலவர். கடைசியில் வாழ்த்து வருகிறது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணம் கமழும் தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் அருந்தி மகிழ்ந்திரு என்கிறார்.

அது யவனருடைய ‘நன்கல’த்தில் வந்தது என்பது பாட்டு தரும் தகவல். கலம் என்றால் பாத்திரம். கலம் என்றால் கப்பலும்தான். நல்ல சாடியில் வந்ததா, நல்ல கப்பலில் வந்ததா என்று இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. வரலாற்றுக்காரனுக்கு இதில் சண்டையே இல்லை. சாடியில் வந்தது, அந்தச் சாடி கப்பலில் வந்தது.

இன்று டவுண் பக்கம் ‘சரக்கு’ என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. அன்று அது நிஜமாகவே கப்பல் சரக்கு.

மண்ணில் புதைந்த தாழிகள்

சரக்கு புறப்பட்ட ஊருக்குப் போவோம். தெற்கு இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சுற்றியுள்ள பகுதி கம்பானியா. வெசுவியஸ் எரிமலை நிற்பது அங்கேதான். கி.பி. 79-ல் அந்த மலை வெடித்துப் பாம்பேயியை மூடியது. பாம்பேயியிலிருந்து நடந்தே போகும் தொலைவில் உள்ள போஸ்கோரியாலேயில், வில்லா ரெஜினா என்னும் சிறு பண்ணைவீடு 1977-ல் வெளிப்பட்டது. அரண்மனையோ மாளிகையோ அல்ல. திராட்சை பயிரிட்டு மது செய்து விற்ற ஒரு சம்சாரி வீடு. முற்றத்தில் 18 பெரிய மண் தாழிகள் கழுத்தளவு புதைந்திருந்தன. மொத்தமாகச் சுமார் 10,000 லிட்டர் பிடிக்கும்.

தாழி என்றதும் ஆதிச்சநல்லூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு வேறு நினைவு வரும். பொருநைக் கரையில் மூதாதையரை வைத்துப் புதைத்த தாழிகள் அவை. வெசுவியஸ் அடிவாரத்தில் புதைத்தது திராட்சைச் சாற்றை.

வேலை நடந்த விதம் இதுதான். பழத்தைக் காலால் மிதித்து, மிச்சத்தை மர நெம்புகோல் வைத்த செக்கில் பிழிவார்கள். சாறு வாய்க்கால் வழியாக ஓடித் தாழியில் இறங்கும். தாழியின் உட்புறம் பைன் மரக் கீல் பூசியிருக்கும். மண்ணுக்குள் இருப்பதால் வெயிலும் குளிரும் அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. இலையுதிர் காலத்தில் இறக்கிய சாறு நுரைத்துப் பொங்கி, அடங்கி, வண்டல் இறங்கித் தெளியும். ஏப்ரல் 23 அன்று வினாலியா என்னும் திருவிழாவில் புது மதுவைச் சுவை பார்ப்பார்கள். அதன் பிறகு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஆம்போரா என்னும் நீளச் சாடிகளுக்கு மாற்றி வாயை அடைத்து விற்பார்கள்.

எல்லா மதுவும் உடனே விற்பனைக்குப் போகாது. உயர்ந்த சரக்கை ஆண்டுக்கணக்கில் கிடத்தி வைப்பார்கள். அந்த வகையில் ரோமானியர் தலையில் வைத்துக் கொண்டாடியது ஃபலெர்னியன். கம்பானியாவின் வட எல்லையில் உள்ள மாசிக்கோ மலைச் சரிவில் விளைந்தது. மதுக்களிலேயே நெருப்பு வைத்தால் பற்றிக்கொள்வது இது ஒன்றுதான் என்று எழுதினார் ரோமானிய அறிஞர் மூத்த பிளினி. சாடியின் மேல் அந்த ஆண்டு ஆட்சியில் இருந்த கான்சலின் பெயரை எழுதி வைப்பது வழக்கம். அப்படி ஓபிமியஸ் பெயர் தாங்கிய கி.மு. 121-ஆம் ஆண்டுச் சரக்கு ஒரு பழங்கதையாகவே ஆகிவிட்டது. ஏறத்தாழ 200 ஆண்டு கழித்து அது கசப்பேறிய தேன் போல இறுகிவிட்டதாகப் பிளினி குறித்திருக்கிறார்.

இதே பிளினிதான் இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று புலம்பியவர். முத்தும் மிளகும் வாங்கியே பணம் கரைகிறது என்பது அவர் குறை. வெசுவியஸ் வெடித்தபோது கப்பலெடுத்துப் போய், ஸ்டாபியே கடற்கரையில் உயிர்விட்டவரும் அவரே. மலை விழுங்கிய மதுக்கிடங்குகளில் அவர் பாராட்டி எழுதிய கம்பானியச் சரக்கும் கிடந்தது.

ஆறு, பாலை, கடல்

கம்பானியாவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஒரு சாடி வந்து சேர எவ்வளவு பாடு? முதலில் கப்பலில் அலெக்சாண்டிரியா. அங்கிருந்து நைல் நதியில் படகேறி மேலே கோப்டோஸ் நகரம். பிறகு ஒட்டக முதுகில் பாலைவனம். கோப்டோஸிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகேவுக்கு 12 நாள் பயணம் என்கிறார் பிளினி. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் நடந்தார்கள். பெரெனிகேயில் சுங்கம். எந்த ஆள் எத்தனை சாடி கொண்டுபோகிறான் என்று பானை ஓட்டில் எழுதிய சீட்டுகள் அங்கே குப்பை மேட்டில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ‘இத்தாலிக்கா’ என்று இத்தாலிய மதுவின் பெயரும், சிரியாவின் லவோதிக்கேயா மதுவின் பெயரும் இருக்கின்றன.

ஒரு சாடியில் சுமார் 26 லிட்டர். சாடியின் எடையையும் சேர்த்தால், ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் எத்தனை தேறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நடுக்கோடையில் கப்பல் புறப்படும். செங்கடலின் வாயிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் 40 நாளில் முசிறி. முதல் நூற்றாண்டில் எகிப்தியக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘எரித்ரியக் கடல் பெரிப்ளஸ்’ என்னும் கையேடு இந்தத் துறைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. குஜராத்தின் பாருகச்சத்துக்கு மது போகும், அதில் இத்தாலிய மதுவுக்கே முதலிடம் என்கிறது. மலையாளக் கரையில் முசிறியிலும் நெல்கிண்டாவிலும் மது இறங்கும், ஆனால் அதிகமில்லை என்கிறது. நெல்கிண்டா பாண்டியனுக்கு உரியது என்றும் அதே கையேடு சொல்கிறது. கொற்கையைப் பற்றிப் பேசும்போது அது குறிப்பிடுவது முத்தை. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்க வைத்தார்கள் என்கிறது.

‘அதிகமில்லை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இது ஊர் குடித்த மது அல்ல. நக்கீரர் பாட்டில் பொற்கிண்ணம் வந்தது சும்மா அலங்காரத்துக்காக இல்லை. பெரிய யவனக் கப்பல்கள் பெரும்பாலும் மேலைக் கரையோடு நின்றுகொண்டன. அங்கிருந்து கீழைக் கரைத் துறைகளுக்கு நம்மவர்களின் கரையோரக் கலங்கள் ஓடின. பாண்டியன் குடித்த தேறல் குமரிமுனை சுற்றியும் வந்திருக்கலாம். ஆரியங்காவுக் கணவாய் வழியே மலை இறங்கியும் வந்திருக்கலாம்.

அன்று பொருநை கடலில் கலந்த இடத்தில் நின்ற துறை கொற்கை. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலகி, இன்று ஏரல் பக்கத்தில் வயல் நடுவே ஒரு கிராமமாக இருக்கிறது. கிரேக்கர் எழுதிய ‘கொல்கோய்’ இதுதான் என்று கால்டுவெல் எடுத்துக்காட்டினார். 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கிடைத்த கரி, கி.மு. 785 என்ற காலத்தைக் காட்டியது. யவனர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே ஆள் நடமாட்டம் இருந்தது.

ஓடு சொல்லும் சாட்சி

மது ஆவியாகிவிட்டது, சாடி உடைந்து ஓடாகக் கிடக்கிறது. வைகை முகத்துவாரத்தில் பாண்டியரின் இன்னொரு துறையான அழகன்குளத்தில் ஆம்போரா ஓடுகள் கிடைத்திருக்கின்றன. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் இன்னும் ஏராளம். அரிக்கமேட்டு ஓடுகளைப் பின்னர் நுணுக்கமாக ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் எலிசபெத் லைடிங் வில்.

ஓட்டைப் பார்த்து ஊரைச் சொல்வது எப்படி? வெசுவியஸ் பக்கத்துக் களிமண்ணில் எரிமலை மணல் கருப்புப் பொடியாகக் கலந்திருக்கும். மிளகைப் பொடித்துத் தூவியது போலத் தெரியும். அந்தக் கருப்புப் பொட்டு இருந்தால் அது கம்பானியாச் சாடி. இரட்டைக் குழலாகச் சேர்ந்த கைப்பிடி இருந்தால் கிரேக்கத் தீவான கோஸ் தந்த பாணி. அந்தப் பாணியை இத்தாலியரும் காப்பியடித்தார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் ஆம்போரா என்று சீட்டு ஒட்டி வைத்த ஓடுகள் எல்லாமே ரோமானியருடையவை அல்ல. கைப்பிடி இல்லாமல், உள்ளே தார் பூசிய சாடிகள் மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர் பிரித்துக் காட்டினார். அதனால் ஆய்வாளர்கள் இப்போது பழைய ஓடுகளையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள்.

கடன் வாங்காத சொல்

இனி நம் சொல்லுக்கு வருவோம். யவனரோடு பழகிய காலத்தில் சில சொற்களும் கரையேறின. நேரத்தைக் குறிக்கும் ‘ஓரை’யும், மதில் அடியில் ஓடும் ‘சுருங்கை’யும் கிரேக்க வேர் உடையவை என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள். ஆனால் யவனரின் மதுவுக்கு அவர்கள் சொல்லை நாம் வாங்கவில்லை. ஓய்னோஸ் என்றோ வீனும் என்றோ அது இங்கே வரவில்லை. நக்கீரர் அதைத் தேறல் என்றே சொன்னார். ஏன்?

அது அவருக்குப் புதுமையே அல்ல என்பதுதான் பதில். பனையில் இறக்கிய பதநீர், கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அன்றைக்கே புளித்துக் கள்ளாகிவிடும். மறுநாள் வைத்தால் காடி. அதைக் கிடத்தி வைத்துப் பழமையாக்க முடியாது, சாராயச் சத்து குறைவு. தேனின் கதை வேறு. இனிப்பு மிகுதி என்பதால் புளித்தால் வலுவும் கூடும், நாள்பட நிற்கும். மலைக் குறவர்கள் தேனால் ஆன மதுவை நெடிய மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்ததைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், புறநானூற்றின் 120-வது பாட்டில், மண்ணில் புதைத்து முதிரவைத்த தேறலைக் குறிப்பிடுகிறார்.

பாரியின் பறம்பு மலைக்காரனும் வெசுவியஸ் சம்சாரியும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். கலங்கியதை மண்ணுக்குள் வைத்துக் காத்திருந்தார்கள். அதனால்தான் யவனச் சாடி திறந்தபோது தமிழ்ப் புலவருக்குத் திகைப்பில்லை. நம்மூர்த் தேறலே கடல் கடந்து வந்ததாக எண்ணி, நம் சொல்லையே அதற்கும் சூட்டிவிட்டார்.

அந்தக் காத்திருப்பு இத்தாலியில் இன்னும் அற்றுப்போகவில்லை. கம்பானியாவின் மலைப்பக்கத்தில் அல்யானிக்கோ என்னும் கருந்திராட்சையில் எடுக்கும் தவுராசிச் சிவப்பு மதுவை மூன்று ஆண்டாவது கிடத்தாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். அத்ரிபால்தாவில் தலைமுறை தலைமுறையாக அந்த மதுவைச் செய்துவரும் மாஸ்த்ரோபெரார்தீனோ குடும்பம், 1990-களில் பாம்பேயி இடிபாட்டுக்கு உள்ளேயே மறுபடி திராட்சைக் கொடி நட்டது. எந்த இடத்தில் நடுவது என்பதற்கும் வழிகாட்டி இருந்தது. சாம்பலுக்குள் பழைய கொடிகளின் வேர் மட்கிப்போய் விட்டுச்சென்ற ஓட்டைகளில் சாந்து ஊற்றி, ஒவ்வொரு கொடியும் நின்ற இடத்தை வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி என்ற அறிஞர் முன்பே கண்டறிந்து வைத்திருந்தார். அந்தத் தோட்டத்து முதல் மது 2001-ஆம் ஆண்டு அறுவடையில் வந்தது.

கடைசியாக ஓர் ஓடு. பெரெனிகே குப்பை மேட்டில் 1995-ல் ஓர் ஆம்போராத் துண்டு கிடைத்தது. அதில் கிரேக்கம் இல்லை, லத்தீன் இல்லை. தமிழ் பிராமியில் கொற்றன் என்ற தலைவனின் பெயர். முதல் நூற்றாண்டில், யவனரின் சாடி ஒன்றில், செங்கடல் கரையில் இருந்துகொண்டு ஒரு தமிழன் தன் பெயரைக் கீறியிருக்கிறான். ‘இது என்னுடையது’ என்பதற்கான அடையாளம்தான்.

பக்கத்து யவனன் அந்தச் சாடியில் இருந்ததை ஓய்னோஸ் என்றிருப்பான். கொற்றன் வாய் திறந்து கேட்டிருந்தால், ‘தேறல்’ என்றுதான் கேட்டிருப்பான்.

(அடுத்த வாரம்: கொற்கையை மணல் மூடியது, காயல் எழுந்தது. அங்கே வந்து இறங்கிய அரபுக் குதிரைகளும், அவற்றைப் பார்த்து வியந்த மார்க்கோ போலோவும்.)