வளவுகளால் ஆன நகரம்

கொழும்பு என்ற பெயர் எவ்வாறு வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் வரை கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் எழுதிவைத்துள்ளார். காய்க்காமல் இலை மட்டும் தழைத்து நின்ற மாமரம் ஒன்று அங்கே இருந்ததாம். சிங்களத்தில் இலையைக் குறிக்கும் 'கொல', மாவைக் குறிக்கும் 'அம்ப' ஆகிய சொற்கள் சேர்ந்தே ஊருக்குப் பெயராயிற்று என்கிறார் அவர். மொழியியலாளர் இதனை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். ஒரு மரம் ஊருக்குப் பெயர் கொடுத்தது என்பதை அக்காலத்தவர் இயல்பாக நம்பினர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இந்நகரின் ஏனைய பெயர்களும் அதையே சொல்கின்றன. தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தை, சிங்களத்தில் 'வெல்லவத்த', அதாவது மணல் தோட்டம். கறுவாத்தோட்டத்துக்கு விளக்கம் தேவையில்லை. காடுகளில் தானாக வளர்ந்த கறுவாவை, ஆளுநர் பல்க் காலத்தில், 1769ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் மருதானைப் பகுதியில் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினர். 1833இல் ஆங்கிலேயர் கறுவா ஏகபோகத்தைக் கைவிட்ட பின்னர் தோட்டங்கள் படிப்படியாக மாளிகைகளுக்கு இடம்விட்டன. ஆயினும் மாளிகையைச் சுற்றி மரங்கள் இருந்தன.

நகருக்குக் கிழக்கே இருந்த சதுப்பு நிலங்களுக்கு வேறொரு வரலாறு. 14ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் படையெடுப்பை எதிர்கொள்ளவே அழகக்கோனார் கோட்டையில் அரண் அமைத்தார். அந்த அரணுக்குச் சதுப்பும் நீரும் இயற்கை அகழியாக அமைந்தன. நம் மூதாதையரின் படைகளைத் தடுத்து நிறுத்த உதவிய அதே சேறு, பிற்காலத்தில் கொழும்பை வெள்ளத்திலிருந்து காத்து வந்தது என்பது வரலாற்றின் விநோதம்.

1921இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பற்றிக் கெடிஸ் கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையைத் தயாரித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதியவரும் அவரே. அடிப்படையில் அவர் ஓர் உயிரியலாளர். கொழும்பைக் 'கிழக்கின் பூங்கா நகர்' ஆக்கலாம் என்ற கனவு அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. நிழல் தரும் வீதிகளும் சில பூங்காக்களும் எஞ்சின.

பின்னர் வந்த தசாப்தங்களில் சதுப்பு என்றாலே வீண் நிலம் என்ற எண்ணம் வலுத்தது. மண் கொட்டி நிரப்புவது அபிவிருத்தி எனப்பட்டது. நிரப்பிய இடத்தில் தேங்க முடியாத நீர் வேறிடம் தேடிற்று. 2010 நவம்பரில் பெய்த பெருமழையில், தியவன்னா ஓயா நடுவே 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றமே வெள்ளத்தில் சிக்கியது. அதன் பின்னரே ஈரநிலங்களின் பெறுமதி ஆட்சியாளருக்கு உறைத்தது எனலாம். பெத்தகான, தலவத்துகொட ஆகிய இடங்களில் ஈரநிலப் பூங்காக்கள் உருவாகின. 2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில் முதன்முறையாக 18 நகரங்கள் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரத்தைப் பெற்றன. அவற்றுள் கொழும்பும் ஒன்று.

இது பெருமைக்குரியதே. ஆனால் அங்கீகாரப் பத்திரம் எட்டாத ஓரிடம் உண்டு. அதுதான் வளவு, வீட்டைச் சூழ்ந்த நம் சொந்தக் காணி.

இலங்கைக்கே உரிய ஊதாமுகக் குரங்கின் மேற்குக் கிளையினம், உலகில் மிகுந்த ஆபத்திலுள்ள 25 குரங்கின உயிரிகளின் பட்டியலில் பல தடவை இடம்பெற்றது. சிங்களவர் 'கலு வந்துரா' என்பர். இலை தின்று, மரத்திலிருந்து மரம் தாவி வாழும் இவ்விலங்கின் பெரும்பகுதி இன்று வாழ்வது சரணாலயங்களில் அன்று. கொழும்பைச் சூழ்ந்த புறநகர் வளவுகளின் பலா, மா மரங்களில். பக்கத்து வளவின் பலா தறிக்கப்பட்டால் அதற்குப் பாதை அறுகிறது. பின் மின்கம்பியைப் பற்றுகிறது, மாள்கிறது. சதுப்புகளில் வாழும் மீன்பிடிப் பூனையும் அவ்வாறே. கழுத்தில் கருவி பூட்டி ஆராய்ந்தபோது, அது இரவில் மதில்களையும் கூரைகளையும் கடந்து வீட்டு மீன்தொட்டிகளைத் தேடி வருவது தெரியவந்தது.

வடக்கில் நம்மவர் வளவுகளைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் நட்டு உயிர்வேலி அடைத்தனர். எல்லையைக் காட்டிய அவ்வேலி, கீரிக்கும் உடும்புக்கும் வழியும் விட்டது. வேலி மதிலானபோது அவ்வழி அடைபட்டது. வெள்ளவத்தையிலோ, போரால் பெயர்ந்து வந்தோருக்கு வீடு தேவைப்பட்டது. முருங்கையும் கிணறும் இருந்த வளவுகள் தொடர்மாடிகளாயின. இடமற்று வந்தவரைக் குறைகூற இயலாது. எனினும் மணல் தோட்டத்தில் இப்போது தோட்டமில்லை என்பது உண்மை.

காணி பேர்ச் கணக்கில் விற்கப்படும் ஊரில் பழைய வளவுகளை மீட்க முடியாது. எஞ்சியதைக் காக்கலாம். முற்றம் முழுவதும் சீமெந்து பூசாமல் ஒரு பகுதியை மண்ணாக விட்டால் மழைநீர் உள்ளிறங்கும். நிற்கும் பலாவைத் தறிக்காமல் கிளை கழித்து விடலாம். மதிலின் அடியில் ஒரு சிறு துவாரம் போதும், சிற்றுயிர்கள் கடந்து செல்ல. தொடர்மாடி வாசிகளுக்கும் வழியுண்டு: பல்கணியில் ஒரு சாடிக் கறிவேப்பிலை வைத்து, நஞ்சு தெளிக்காமல், புழு தின்னும் இலையைப் பொறுத்துக்கொண்டால், அதே புழு கருநிற வண்ணத்துப்பூச்சியாகும். செம்பரத்தை பூத்தால் தேன்சிட்டு வரக்கூடும்.

சதுப்பைக் காக்கச் சட்டமும் உலக வங்கியின் நிதியும் வந்தன. வளவைக் காக்க எவரும் வரப்போவதில்லை. அதன் உறுதிப்பத்திரம் நம் கையில் இருக்கிறது.