மணி பிளான்ட் இலையில் வெள்ளை மறைந்து பச்சையாவது ஏன்? என்ன செய்யலாம்?

நர்சரியில் வாங்கும்போது வெள்ளையும் பச்சையுமாக இருந்த 'மார்பிள் குயின்' மணி பிளான்ட், சில மாதங்களில் வெறும் பச்சைக் கொடியாகிவிட்டதா? பயப்பட வேண்டாம், இது நோய் இல்லை. பெரும்பாலும் வெளிச்சம் போதாததுதான் காரணம்.

வெள்ளை எங்கே போகிறது?

இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அதற்கும் சேர்த்துப் பச்சைப் பகுதிதான் உணவு தயாரிக்கிறது. இருட்டு மூலையில் வைத்தால் புது இலைகளில் பச்சை கூடும். முழுப் பச்சையான கிளை வேகமாக வளர்ந்து மற்றதை முந்திவிடும்.

எப்படி மீட்பது?

ஜன்னலிலிருந்து 3-4 அடிக்குள் தொட்டியை வையுங்கள். நேர் வெயில் பட்டால் வெள்ளை கருகிவிடும். பச்சையாகிவிட்ட இலை மறுபடி வெள்ளையாகாது. அதனால் நல்ல வெள்ளை உள்ள கடைசி இலையை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து கொடியை வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்துதான் புதுத் தளிர் வரும்.

எந்தத் துண்டை நடுவது?

மணி பிளான்ட் தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். ஜிப்ரலின் என்ற ஹார்மோன் குறைபாடே இதற்குக் காரணம் என்று 2016-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. விதை இல்லாததால், எல்லாமே வெட்டி நட்ட செடிகள். வெள்ளையும் பச்சையும் கலந்த கணுவையே தேர்ந்தெடுங்கள். முழு வெள்ளைத் துண்டு பிழைப்பது கடினம்.

தண்ணீர் எவ்வளவு?

தேதி பார்த்து ஊற்றாதீர்கள். மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். கோபாலபுரம், பாலக்காடு பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்றில் மண் சீக்கிரம் காயும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் மெதுவாகவே காயும். அப்போதும் பழைய கணக்கில் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

வெட்டியதை எங்கே போடுவது?

தோப்பிலோ வேலியோரத்திலோ வீசாதீர்கள். பிரெஞ்சு பாலினீசியாவின் மோரேயா தீவைச் சேர்ந்த இந்தக் கொடி, கணு ஒன்று மண்ணில் பட்டாலே வேர்விட்டு மரமேறும். இலங்கையில் இது ஊடுருவும் தாவரம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அந்த வேலையை நாமே செய்ய வேண்டாமே! நன்றாகக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.

இலையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், மென்றால் வாய் எரியும், வீங்கும். குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.