வீடு விற்ற ஒரு பென்னி புத்தகம்

1915. முதல் உலகப் போரின் இரண்டாவது வருஷம். ஜெர்மனியின் செப்பலின் ஆகாயக் கப்பல்கள் லண்டன் மேலேயே குண்டு போட ஆரம்பித்திருந்தன. ஆண்கள் எல்லாம் பிரான்ஸ் போர்முனையில். செங்கல் இல்லை, கொத்தனார் இல்லை, புது வீடு கட்டும் வேலை கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. அந்த நேரம் பார்த்து லண்டனில் ஒரு ரயில் கம்பெனி, புறநகர் கிராமங்களின் அழகை வர்ணித்து ஒரு புத்தகம் போட்டது. விலை ஒரு பென்னி. பெயர் 'மெட்ரோலேண்ட்'.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறதா? ரியல் எஸ்டேட் வரலாற்றில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலைகள் ரொம்பக் குறைவு. வாசகனை முதலில் சம்பாதித்துவிட்டு, பிறகு அவனுக்கு வீடு விற்ற கதை இது.

கம்பெனியின் பெயர் மெட்ரோபாலிட்டன் ரயில்வே. உலகின் முதல் சுரங்க ரயிலை ஓட்டியது இவர்கள்தான். 1863 ஜனவரி 10ஆம் தேதி பேடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை. நிலத்துக்கு அடியில் நிலக்கரி எஞ்சின்! புகையில் இருமிக்கொண்டே முதல் நாளில் சுமார் 38,000 பேர் போனார்களாம். ஆனால் ஊருக்குள் குறுகிய தூரம் ஓடும் ரயிலில் எவ்வளவுதான் சம்பாதிக்க முடியும்? கம்பெனி வடமேற்குப் பக்கம் கையை நீட்டியது. 1880ல் ஹாரோ, 1885ல் பின்னர், 1887ல் ரிக்மன்ஸ்வொர்த், 1892ல் எய்ல்ஸ்பரி. கடைசியில் வெர்னி ஜங்ஷன் என்ற, லண்டனிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு வயல்காட்டு ஸ்டேஷன் வரை போய் நின்றது.

இந்த நீட்டலுக்குப் பின்னால் இருந்தவர் சேர்மன் சர் எட்வர்ட் வாட்கின். சாதாரண ஆள் இல்லை. மான்செஸ்டரில் ஏறினால் கடலுக்கு அடியில் சுரங்கம் வழியாக பாரிஸில் இறங்க வேண்டும் என்று கனவு கண்டவர். வெம்ப்ளியில் ஈஃபிள் கோபுரத்தைவிட உயரமாக ஒரு கோபுரம் கட்டவும் கிளம்பினார். சுமார் 155 அடி எழும்பியதோடு சரி. 1907ல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். (அதே இடத்தில்தான் பின்னால் வெம்ப்ளி ஸ்டேடியம் வந்தது.)

கோபுரம் போனாலும் வாட்கின் காலத்தில் கம்பெனிக்குக் கிடைத்த ஒரு சொத்து தங்கியது. 1845ல் வந்த பிரிட்டிஷ் சட்டப்படி, ரயில் பாதைக்காகக் கையகப்படுத்திய நிலத்தில் மிஞ்சியதை ரயில் கம்பெனிகள் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றுவிட வேண்டும். தண்டவாளம் போடும் சாக்கில் நில வியாபாரம் செய்யக் கூடாது என்பது நோக்கம். மெட்ரோபாலிட்டன் மட்டும் தன் தனிச் சட்டங்களில், மிஞ்சிய நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்கி வைத்திருந்தது. பிற்காலத்தில் ரயில் வேலைக்குத் தேவைப்படலாம் என்பது காரணம். 1887ல் அந்த நிலத்தைக் கவனிக்க ஒரு தனிக் கமிட்டியே போட்டார்கள்.

மற்ற கம்பெனிகள் என்ன செய்தன? சிரமப்பட்டு ஸ்டேஷன் கட்டின. ஸ்டேஷன் வந்ததும் சுற்றி இருந்த நிலத்தின் விலை ஏறியது. லாபத்தைப் பக்கத்து நிலச் சொந்தக்காரன் எடுத்துக்கொண்டு போனான். மெட்ரோபாலிட்டன் மட்டும்தான் அந்தப் பக்கத்து நிலச் சொந்தக்காரனாகவும் இருந்தது!

1908ல் ராபர்ட் செல்பி ஜெனரல் மேனேஜராக வந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. ஒரு வீடு விற்றால் நிலத்தில் ஒரு முறை லாபம். அந்த வீட்டுக்காரன் தினமும் லண்டன் ஆபீசுக்குப் போய்வர சீசன் டிக்கெட் வாங்குவான். அது வருஷா வருஷம் வரும். அவன் மனைவி கடைக்குப் போவாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், அதற்கும் டிக்கெட். வீடு கட்டும் செங்கலும், குளிர்காலத்தில் அடுப்புக்கு வேண்டிய நிலக்கரியும்கூட சரக்கு வண்டியில் வரும். 1905ல் உள்பக்கப் பாதை மின்மயமாகியிருந்தது, புகை குறைந்தது. 1910ல் புல்மன் பெட்டிகள் இரண்டு ஓட விட்டார்கள். மேஃப்ளவர், கலட்டியா என்று அவற்றுக்குப் பெயர்கூட வைத்தார்கள். காலையில் டிபன் சாப்பிட்டுக்கொண்டே ஆபீஸ் போகலாம், ராத்திரி நாடகம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டோடு ஊர் திரும்பலாம்.

ரயிலும் இருந்தது, நிலமும் இருந்தது. அங்கே போய்க் குடியிருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் ஜனங்களுக்கு இல்லை.

இங்கேதான் புத்தகம் வருகிறது.

கம்பெனி ஏற்கெனவே ஒரு வழிகாட்டி போட்டுக்கொண்டிருந்தது. பாதை நீட்டிப்புக்கான கையேடு என்று சவசவ பெயர். 1915ல் அதை மாற்றி 'மெட்ரோலேண்ட்' என்று வைத்தார்கள். விளம்பரத்துக்கு எழுதும் ஜேம்ஸ் கார்லண்ட் என்பவர் ஜுரத்தில் படுத்திருந்தபோது இந்த வார்த்தை தோன்ற, படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வார்த்தையின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். மிடில்செக்ஸ், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் என்று மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடந்த கிராமங்களுக்கு ஒரே ஒற்றுமை, அவற்றின் வழியாக ஒரே ரயில் போனதுதான். புதுப் பெயர் வந்ததும் அது ஒரு தேசம் மாதிரி ஆகிவிட்டது. எந்த வரைபடத்திலும் எல்லை கிடையாது. கம்பெனி டிக்கெட் செல்லுபடியாகும் வரைக்கும் மெட்ரோலேண்ட்.

புத்தகத்தின் உள்ளே வண்ணப் படங்கள். கூரை வேய்ந்த குடிசைகள், பழைய தேவாலயம், பீச் மரக் காடு, பூத்துக் குலுங்கும் வேலிகள். எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பாதையில் நடந்தால் எந்த மலை ஏறலாம், வழியில் எங்கே சாப்பிடலாம், கோல்ஃப் மைதானம் எங்கே இருக்கிறது என்று விவரங்கள். கட்டணம், மேப். வீட்டு விளம்பரங்களும் உண்டு, ஆனால் அவை தங்களுக்கென்று ஒதுக்கிய பக்கங்களில் இருந்தன. முன்னால் இருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடைக்காரனுக்கானது.

போர்க் காலத்தில் வெளியிட்டது முட்டாள்தனம் போலத் தெரிந்ததே, அதற்கு விடை இதுதான். விற்பதற்கு வீடே இல்லாத வருஷங்களில் புத்தகம் வாசகனை மட்டும் சேர்த்தது. அவனிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் வந்து நடந்துவிட்டுப் போ, அவ்வளவுதான். நடந்துவிட்டுப் போனவன் அடுத்த வருஷம் புதுப் பதிப்பையும் வாங்கினான். தன் விளம்பரத்தைப் படிக்க வாசகனிடமே காசு வாங்குவது லேசுப்பட்ட காரியமா என்ன! :-)

1918ல் போர் முடிந்தது. திரும்பி வந்த வீரர்களுக்கு நல்ல வீடு என்பது பிரிட்டனில் அரசியல் கோஷமாகவே ஆனது. 1919ல் வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அதே 1919ல் மெட்ரோபாலிட்டன் ரயில்வே கன்ட்ரி எஸ்டேட்ஸ் என்ற கம்பெனி பிறந்தது. ரயில்வே நேரடியாக வீட்டு வியாபாரம் செய்யச் சட்டத்தில் இடம் உண்டா என்ற சந்தேகம் இருந்ததால், காகிதத்தில் இது தனிக் கம்பெனி. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பழைய முகங்கள்தான். நீஸ்டன் பக்கம் கிங்ஸ்பரி கார்டன் வில்லேஜ், வெம்ப்ளி பார்க், பின்னரில் சிசில் பார்க், ரிக்மன்ஸ்வொர்த்தில் சீடர்ஸ் எஸ்டேட் என்று வரிசையாக மனைகள் போட்டார்கள். வாங்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. நாலு வருஷமாக ஒரு பென்னி கொடுத்துப் படித்துக் கனவு கண்டவர்கள் தயாராக இருந்தார்கள்.

1920ல் மெட்ரோலேண்ட் வீட்டைப் பற்றி ஒரு பாட்டே வந்துவிட்டது. 1924, 25ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் கண்காட்சி வெம்ப்ளியில் நடந்தது. லட்சக்கணக்கான ஜனம் அந்த வழியாகப் போய், வீடுகளைக் கண்ணால் பார்த்தது. 1928ல் எவ்லின் வா தன் முதல் நாவலில் ஒரு பாத்திரத்துக்கு லேடி மெட்ரோலேண்ட் என்று பெயர் வைத்தார். கிண்டல்தான். ஆனால் ஒரு ரயில் கம்பெனியின் விளம்பர வார்த்தையை நாவலாசிரியர் கிண்டல் செய்கிறார் என்றால் அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மாற்றம் எவ்வளவு வேகம் என்பதற்கு ரேய்னர்ஸ் லேன் ஒன்று போதும். 1906ல் திறந்தபோது அது வயல்வெளி நடுவே ஒரு மர நடைமேடை. குளிர்காற்று அடிக்கும் அடியில் 'நிமோனியா ஜங்ஷன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1929 வாக்கில் தண்டவாளத்தின் வடக்கே ஹாரோ கார்டன் வில்லேஜ் எழ ஆரம்பித்தது. தெற்கே நேஷ் என்ற பில்டர் இன்னும் மலிவான வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டினார். 1930ல் வருஷத்துக்கு 22,000 பயணிகள் வந்த ஸ்டேஷனுக்கு 1937ல் வந்தவர்கள் 40 லட்சம். பின்னரின் ஜனத்தொகை 3,000லிருந்து 23,000க்குப் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெற்றிக் கதையாக எழுதுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் இது.

1921ல் ஒரு குமாஸ்தா வீடு வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் பார்த்த மாதிரியே ஜன்னலைத் திறந்தால் புல்வெளி. அவன் காசு கொடுத்தது சுவருக்கு மட்டும் இல்லை, அந்தப் புல்வெளிக்கும்தான். ஆனால் பத்திரத்தில் புல்வெளி இல்லை. அடுத்த வருஷப் பதிப்பு இன்னும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதே புல்வெளியைக் காட்டுகிறது. அவர்களுக்கும் வீடு வேண்டும். எங்கே கட்டுவார்கள்? அவன் ஜன்னலுக்கு முன்னால்தான்! அவனால் குறை சொல்லவும் முடியாது. தேவாலயம் இருந்தது, பீச் மரம் இருந்தது, புத்தகத்தில் பொய் இல்லை. ஒவ்வொரு பக்கமும் உண்மை. உன்னைப் போலவே மற்றவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்ற ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டார்கள். வாசகர் கூட்டம் பெருகப் பெருக, அவர்கள் எதைப் படித்து மயங்கினார்களோ அந்தப் பொருள் தேய்ந்துகொண்டே போனது. கம்பெனிக்கு இதில் நஷ்டம் இல்லை. பாதை நீளம், இங்கே வயல் தீர்ந்தால் படம் பிடிக்க இன்னும் நாலு ஸ்டேஷன் தள்ளிப் போகலாம். போனார்கள்.

வீட்டுக்குள் இருந்தவர்கள் பாடு வேறு. ஆண்கள் காலை ரயிலில் போய்விடுவார்கள். தெரியாத ஊரில், தெரியாத அண்டை வீட்டுக்காரர்களுக்கு நடுவே, பகல் முழுக்கப் பெண்கள் தனியாக. 1938ல் ஸ்டீபன் டெய்லர் என்ற டாக்டர் லான்செட் இதழில் 'புறநகர் நரம்புத் தளர்ச்சி' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தனிமையும் கடன் கவலையும் இளம் மனைவிகளை நோயாளிகளாக்குகின்றன என்பது அவர் வாதம். அவர் காட்டிய பெண்மணி கொஞ்சம் கற்பனைச் சித்திரம்தான், பிற்பாடு வந்தவர்கள் அதை ரொம்பவே சந்தேகித்தார்கள். இருந்தாலும் டாக்டர்கள் பேசும் அளவுக்கு விஷயம் வந்திருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. லண்டனின் நெரிசலான வாடகை வீட்டிலிருந்து வந்த குடும்பத்துக்குத் தனிக் குளியலறை, மின்சார விளக்கு, கையளவு தோட்டம் என்பது சாதாரணம் இல்லை. முன்பக்கத்தில் கறுப்பு மரச்சட்டம் பதித்து, பழங்காலத்து வீடு மாதிரி வேஷம் போட்ட அந்தக் கட்டடங்களைக் கட்டடக்கலைஞர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் எத்தனை பேர் கரி அடுப்புப் புகையில் ஒரே அறையில் குடும்பத்தோடு வளர்ந்தவர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

செல்பி 1930ல் காலமானார். மெட்ரோலேண்டின் கடைசிப் பதிப்பு 1932. 1933ல் லண்டனின் ரயில்கள், பஸ்கள் எல்லாம் ஒரே பொது வாரியத்தின் கீழ் வந்தன. மெட்ரோபாலிட்டன் ரயில்வே அதில் கரைந்தது. புது வாரியத்துக்கு மெட்ரோலேண்ட் என்ற பெயரில் அக்கறை இல்லை, நிறுத்திவிட்டார்கள். வீட்டுக் கம்பெனி மட்டும் வாரியத்தில் சேராமல் தனியாகத் தொடர்ந்தது. காகிதத்தில் தனிக் கம்பெனியாக வைத்தது அப்போதுதான் கைகொடுத்தது! 1938ல் லண்டனைச் சுற்றிப் பசுமை வளையச் சட்டம் வந்தது. மிச்சமிருந்த வயல்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டவர்களில் அந்த வயல்களை ஆசைப்பட்டுக் குடிவந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

பாதையின் கடைசி முனையான வெர்னி ஜங்ஷனுக்கு வீடுகள் போய்ச் சேரவே இல்லை. 1936ல் மெட்ரோபாலிட்டன் பயணி ரயில் அங்கே போவது நின்றது. வேறு பாதையில் வந்துகொண்டிருந்த கடைசி ரயிலும் 1968ல் நின்று, ஸ்டேஷனை மூடினார்கள். 1973ல் பிபிசிக்காகக் கவிஞர் ஜான் பெட்ஜமன் 'மெட்ரோலேண்ட்' என்றே பெயரிட்டு ஒரு ஆவணப்படம் எடுத்தார். பேக்கர் ஸ்ட்ரீட்டில் கிளம்பி ஒவ்வொரு புறநகராகப் பார்த்துக்கொண்டே வந்து, படத்தை வெர்னி ஜங்ஷனில்தான் முடித்தார். தண்டவாளம் இருந்த இடத்தில் அப்போது புல் முளைத்திருந்தது.