ரீட் சுவிட்சில் நாணல் எங்கே?

நியூமேட்டிக் சிலிண்டரின் முதுகில் விரல்நுனி அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் கடைசிவரை போய்விட்டதா என்று இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சிக்குச் சொல்வது அதன் வேலை. ஃபிட்டர்கள் வாயில் அது 'ரீட் சுவிட்ச்'. ஆங்கிலத்தில் ரீட் என்றால் நாணல். இரும்புக்கும் எண்ணெய்க்கும் நடுவே நாணல் எப்படி வந்தது?

வாத்தியம் வழியாக வந்தது. நாகஸ்வரத்துக்கு எப்படிக் கொறுக்கைத் தட்டையில் சீவாளியோ, அப்படி மேல்நாட்டு ஓபோவுக்கும் நாணலில் சீவிய நாக்கு உண்டு. செடியின் பெயரே அந்த நாக்குக்கும் ஆயிற்று. பாரிஸ்காரர் அலெக்சாண்டர் டெபைன் 1842இல் காப்புரிமை வாங்கிய ஆர்மோனியத்தில் அதிர்வது பித்தளை நாக்கு. ஆனாலும் அது ரீட்தான். விசைத்தறியில் ஊடையை அடித்து நெருக்கும் 'ரீடு'ம் இதே கதை: நாணல் போய் எஃகு வந்துவிட்டது, பெயர் போகவில்லை.

1936இல் பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் இரண்டு மெல்லிய உலோக நாக்குகளைக் கண்ணாடிக் குழலுக்குள் வைத்து அடைத்தார். அதுதான் ரீட் சுவிட்ச். இரும்பும் நிக்கலும் கலந்த நாக்குகள்; நுனிகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு காந்த வளையம் இருக்கிறது. அலுமினிய உடல் காந்தப்புலத்தை மறிக்காது. வளையம் அருகே வந்ததும் எதிரெதிர் நுனிகளில் ஒன்று வடதுருவம், மற்றது தென்துருவம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ள, மின்சாரம் ஓடும். காந்தம் விலகினால் நாக்குகள் தாமே பிரியும். ரஷ்யர்கள் இதைக் 'கெர்கோன்' என்கிறார்கள். காற்றுப் புகாமல் அடைத்த தொடர்பு என்பதன் சுருக்கம். அழகில்லாத பெயர், ஆனால் உள்ளதைச் சொல்கிறது.

இன்று பல சென்சார்களில் அந்த நாக்கும் இல்லை. 1879இல் எட்வின் ஹால் தங்கத்தாளில் மின்சாரத்தை ஓடவிட்டு, காந்தப்புலத்தில் வைத்தபோது குறுக்கே சிறு மின்னழுத்தம் எழுவதைக் கண்டார். அதையே ஒரு சில்லு இப்போது செய்கிறது. அசையும் பாகம் இல்லாததால் தேய்மானமும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் அதற்கும் பெயர் ரீட் சுவிட்ச்தான்!

இந்தப் பெயர்க் குழப்பம் கைக்காசைக் கடிக்கும். நாக்கு வகை பெரும்பாலும் இரண்டு ஒயர்; சில்லு வகையில் மூன்று ஒயர் சகஜம், அதன் வெளியீடு பிஎன்பி வகையா என்பிஎன் வகையா என்பதையும் பார்க்க வேண்டும். எனவே கடையில் வெறுமனே 'ரீட் சுவிட்ச்' என்று கேட்காதீர்கள். பழைய சென்சாரில் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.