மலாயன் யூனியன் முதல் மலேசியா வரை: வரலாற்றுப் பாடநூல் 'இணைப்பை' எப்படிச் சொல்கிறது?

ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்குப் போகும் வழியில் ஓர் ஏரி வரும், பார்த்திருப்பீங்க. அதைத் தேக்கி நிற்பது சுல்தான் அபு பாக்கர் அணை. மலாயன் யூனியனுக்கு வழிவிட்ட ஒப்பந்தத்தில் 1945 இறுதியில் பகாங் சார்பில் கையெழுத்திட்டவர் அந்த சுல்தான் அபு பாக்கர்தான்.

அப்போது சுற்றியிருந்த தேயிலை மலைகளில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1929-இல் தொடங்கிய போ தோட்டம் அவற்றில் ஒன்று. அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால், அவர்கள் இந்நாட்டுக் குடிமக்களா இல்லையா என்ற கேள்வி அந்தக் கையெழுத்தோடு சேர்ந்தே வந்தது.

எத்தனை முறை இணைந்தோம்?

• 1896: பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் சேர்ந்து கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின.
• 1946 ஏப்ரல் 1: மலாயன் யூனியன். 9 மலாய் மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் ஒன்றாயின. சிங்கப்பூர் தனியாக விடப்பட்டது.
• 1948 பிப்ரவரி 1: மலாயன் யூனியனுக்குப் பதிலாக மலாயா கூட்டரசு.
• 1963 செப்டம்பர் 16: மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் இணைந்து மலேசியா.
• 1965 ஆகஸ்ட் 9: சிங்கப்பூர் பிரிந்தது.

மலாயன் யூனியன்: கதை யாருடைய பக்கம்?

நான்காம் படிவத்தில் நாம் படிக்கும் கதை இதுதான்: பிரிட்டிஷ் பிரதிநிதி ஹெரால்ட் மெக்மைக்கல் அழுத்தம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார், ஆட்சியாளர்களின் அதிகாரம் பறிபோனது, மலாய் மக்கள் ஒன்றுதிரண்டார்கள், அம்னோ பிறந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. எதிர்ப்புக்கான காரணங்களில் ஒன்றாக 'தளர்வான குடியுரிமை'யும் பட்டியலில் இருக்கும்.

அதே வரியைத் தோட்டத்து லயத்திலிருந்து படித்துப் பாருங்க. மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவருக்குக் குடியுரிமை உண்டு. வெளியில் பிறந்திருந்தாலும், 1942 பிப்ரவரிக்கு முந்தைய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் போதும். ஒரு பக்கத்துக்குப் பறிப்பாகத் தெரிந்தது, இன்னொரு பக்கத்துக்கு முதல் வாசல். கடைசியில் அந்தக் குடியுரிமை விதிகள் நடைமுறைக்கு வரவே இல்லை.

அதன் பிறகு என்ன ஆச்சு?

1948-இல் விதிகள் இறுகின. இங்கே பிறந்திருந்தாலே குடியுரிமை என்ற நிலை போனது. பலர் மனு போட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1947 அக்டோபர் 20-இல், புதிய ஏற்பாட்டை எதிர்த்து நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. எதிர்த்த கூட்டணியில் ஜான் தீவி தலைமையில் தொடங்கிய ம.இ.கா.வும் இருந்தது.

1957 அரசியலமைப்பின்படி, மெர்டேக்கா நாளிலோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்த குழந்தை குடிமகன். அந்தக் குழந்தையின் அம்மா இதே மலையில் 1935-இல் பிறந்திருந்தாலும், அதுவரை குடியுரிமை பெறாதவர் என்றால், மனு போட்டுத்தான் பதிய வேண்டும். 1962-இல் குழந்தைகளுக்கான விதியும் மாறியது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. சில குடும்பங்களில் இன்றும் பாட்டியின் கையில் சிவப்பு அடையாள அட்டை இருப்பதற்கான வேர் இந்த விதிகளில்தான் இருக்கிறது.

1963: 'சேர்ந்தார்களா', 'உருவாக்கினார்களா'?

"சபாவும் சரவாக்கும் மலேசியாவில் சேர்ந்தன" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் சேர்வதற்கு முன்னால் மலேசியா என்ற நாடே இல்லையே! அதனால்தான் அங்குள்ள பலர், "நாங்கள் சேரவில்லை, சேர்ந்து உருவாக்கினோம்" என்கிறார்கள்.

1962-இல் கோபோல்ட் ஆணையம் அங்கே மக்களின் கருத்தைக் கேட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முழு ஆதரவு. இன்னொரு பங்கினர் பாதுகாப்பு நிபந்தனைகளோடு ஆதரவு. மீதிப் பேரில் சிலர் முதலில் சுதந்திரம் வேண்டும் என்றார்கள், சிலர் பிரிட்டிஷ் ஆட்சியே தொடரட்டும் என்றார்கள். சபாவின் 20 அம்சங்களும் சரவாக்கின் 18 அம்சங்களும் இந்தப் பின்னணியில் வந்தவை.

மலேசிய தினம் நாடு முழுக்கப் பொது விடுமுறை ஆனது 2010-இல்தான். அரசியலமைப்பில் 1963 மலேசிய ஒப்பந்தத்தைக் குறிப்பிடும் திருத்தத்தை மக்களவை 2021 டிசம்பரில் நிறைவேற்றியது.

சிங்கப்பூரில் எப்படிப் படிக்கிறார்கள்?

நம் ஐந்தாம் படிவ நூலில் சிங்கப்பூரின் பிரிவு, மலேசியா உருவான பிறகு வந்த சவால்களில் ஒன்று. அங்கே 'இணைப்பும் பிரிவும்' நாடு பிறந்த கதை. நடந்தது ஒன்றுதான். கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் 126 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள், எதிர்ப்பு இல்லை. ஆனால் ஒரு நாட்டுக்கு அது ஒரு கட்டத்தின் முடிவு, இன்னொன்றுக்குத் தொடக்கம்.

அப்போ பாடநூலை நம்பக் கூடாதா?

நம்பலாம், எஸ்.பி.எம். எழுதவும் வேண்டும், வரலாற்றில் தேறினால்தான் சான்றிதழ். ஆனால் 'இணைந்தது' என்ற சொல் வரும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்க:

• யார் கையெழுத்திட்டார்கள்?
• யாரிடம் கருத்துக் கேட்டார்கள், யாரிடம் கேட்கவில்லை?
• மறுநாள் காலையில் யாருக்கு என்ன மாறியது?

மூன்றாவது கேள்விக்கான பதில் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரத்தையும் குடியுரிமைச் சான்றிதழையும் எடுத்துத் தேதியைப் பாருங்க. அது மேலே உள்ள எந்த ஆண்டுக்குப் பக்கத்தில் வருகிறது?