கூட்டத்தைக் கேட்ட இயந்திரங்கள்

கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியபோது, பல பேரின் கேள்விகளை ஒரே மனத்தில் ஏந்திக் காட்டினார். அவதானத்திலாவது கேட்பவருக்கு ஒரு முறை உண்டு. ஆலங்குளம் பேருந்து நிறுத்தத்தில் நான்கு பேர் பேசினால் முறையெல்லாம் கிடையாது (விருதுநகர் மாவட்ட ஆலங்குளத்தைச் சொல்கிறேன், தென்காசி ஆலங்குளத்தை அல்ல). ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் தொடங்குவார். மூன்றாமவர் இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். இத்தகைய பேச்சுக்குள் இயந்திரம் நுழைய முயன்ற வரலாற்றில், சொல்லை அறிவதைவிட ஆளை அறிவதே பெரும்பாடாக இருந்திருக்கிறது.

இச்சிக்கலைத் தொடக்கத்திலேயே சோதனைக்கு உட்படுத்தியவர்களுள் ஒருவர் லண்டனின் காலின் செர்ரி. அவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு காதிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டார். ஒன்றைக் கவனித்தவர்களுக்கு மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்பது ஏறத்தாழத் தெரியவே இல்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறியது போன்றவற்றை மட்டும் உணர்ந்தார்கள். மனிதக் காது ஒன்றைப் பற்றி மற்றதை விடுகிறது. ரோபோவின் ஒலிவாங்கியோ எல்லாவற்றையும் ஒரே குவியலாக அள்ளுகிறது.

ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகம் 1973-இல் உருவாக்கிய வாபாட்-1 ஓரளவு உரையாடியது. அங்கேயே 1990-களின் இறுதியில் வந்த ரோபிட்டா, பேசுபவர் யாரை நோக்கி முகம் திருப்புகிறார் என்று பார்த்து, பலர் பேசும் உரையாடலில் சேர முயன்றது. என் கணிப்பில் உண்மையான திருப்பம் இதுதான்: காதின் வேலையில் பாதியைக் கண் எடுத்துக்கொண்டது. 2008-இல் கியோட்டோ பல்கலைக்கழகமும் ஹோண்டா ஆய்வு நிறுவனமும் வெளியிட்ட 'ஹார்க்' மென்பொருள், வரிசையாகப் பொருத்திய ஒலிவாங்கிகளில் ஒலி வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு குரல்களைத் திசைவாரியாகப் பிரித்தது.

நம் பக்கம் கதை வேறு. சிட்டி யூனியன் வங்கி 2016-இல் சென்னையில் நிறுத்திய 'லட்சுமி', கணக்கு விவரம் கேட்டால் வாய்விட்டுச் சொல்லாமல் திரையில் காட்டியது. பின்னால் ஆள் நிற்கிறார் என்ற நினைப்பு அதன் வடிவமைப்பிலேயே இருந்தது! 2017-இல் ஹைதராபாத் மாநாட்டில் பிரதமரை வரவேற்ற பெங்களூரின் 'மித்ரா' செய்ததை உரையாடல் என்பதைவிடச் சடங்கு என்பதே பொருத்தம். 2020-இல் கொரோனா வார்டுகளுக்காகத் திருச்சி நிறுவனம் ஒன்று தந்த 'சாஃபி' ரோபோக்கள் உணவும் மருந்தும் சுமந்தன.

கூட்டத்தையே கேட்கும் கருவி, உடலில்லாமல் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் அறிமுகம் செய்த 'சபாசார்', கிராம சபையின் ஒலி, காட்சிப் பதிவுகளிலிருந்து கூட்டக் குறிப்பைத் தானே எழுதுகிறது. 'பாஷினி' மொழிபெயர்ப்புத் தளத்தின் மேல் இயங்கும் இதற்குத் தமிழும் தெரியும். இது பதில் பேசாது. ஆகவே தப்பாகக் கேட்டதைத் திருப்பிக் கேட்டுச் சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுக்கூலிக்குப் போகும் பெண் ஒருவர் பின்வரிசையிலிருந்து "மருந்துல கை வெந்துபோச்சு" என்றால், அது வெடிமருந்து விபத்தாகப் பதிவாகுமா, மருத்துவப் புகாராகப் பதிவாகுமா? ஒலிவாங்கி தலைவர் மேசையில் இருந்தால் அந்தப் பெண்ணின் குரல் பதிவாவதே சந்தேகம். கருவி எழுதிய குறிப்பை, கையெழுத்தாகுமுன் அதே சபையில் உரக்க வாசித்தாக வேண்டும் என்று விதி வகுப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.